விளங்காமல் பாடமாக்கிய கவிதை

1

ஜனவரி முதலாம் திகதி வர்சமேயின் பிறந்தநாள் அல்ல. ஆனாலும் இந்த 1998ஆம் ஆண்டு அன்றைக்குத்தான் கொண்டாடினார்கள். ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் ஒரு பராமரிப்பு இல்லத்தின் மூன்றாம் மாடி. சக்கர நாற்காலியை யன்னலோரம் தள்ளிவந்து, அவருடைய தலையில் பச்சைக் காகிதத் தொப்பி ஒன்றை வைத்து, தாதியர் இரண்டு பேர் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். அடுத்த அறையில் இருக்கும் ஆப்கான் அம்மாவுக்கும் பிறந்தநாள் அன்றைக்குத்தான். "என்ன ஒற்றுமை பாருங்கள்" என்று இளைய தாதி ஆச்சரியப்பட்டாள்.

ஒற்றுமை ஒன்றும் இல்லை. பிறந்த திகதிக்குப் பத்திரம் காட்ட முடியாத அகதிகள் பலர் இந்த நாட்டுக்குள் நுழையும்போது ஜனவரி முதலாம் திகதியில் பிறக்கிறார்கள். விமான நிலையத்தில் படிவம் நிரப்புகிறவருக்கு அது வசதி.

திகதி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. முதல் பனி விழுந்த நாள், மூத்தவன் முதன்முதலாக என்னோடு ஆங்கிலத்தில் சண்டை பிடித்த நாள் எல்லாம் என் டயரியில் இருக்கின்றன. அதனால் வர்சமேயிடம் ஒருநாள் உண்மையான திகதியைக் கேட்டேன். பெரிய வறட்சிக்குப் பிறகு முதல் மழை பெய்தபோது பிறந்ததாகத் தாய் சொன்னாராம். அவர்கள் ஊரில் அந்த மழை ஏறக்குறைய எங்கள் சித்திரை மாதத்தில் வரும். அதற்கு மேல் என்னால் நெருங்க முடியவில்லை.

வர்சமே சோமாலியர். கவிஞர். அவருடைய நாட்டில் கவிஞர் என்றால் தேநீர்க் கடையில் ஆட்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். இங்கே அவர் எங்கள் தொழிற்சாலையில் கார்க் கதவுகளுக்கு ரப்பர் விளிம்பு பொருத்தினார். போன வருடம் மாசி மாதம் மூளையில் இரத்தம் கசிந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவருடைய கடைசிக் கவிதை இன்று என்னிடம் மட்டும் இருக்கிறது. எனக்கோ சோமாலி மொழி தெரியாது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் கனடாக் கடிதத்தில் வேறு ஏதாவது எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த வருடம் எனக்கு எழுத இதுதான் இருக்கிறது.

2

நான் அவரைச் சந்தித்தது 1994இல். அந்தத் தொழிற்சாலையில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். மீதியில் சோமாலியர், வியட்நாமியர், இரண்டு மூன்று போர்த்துக்கீசர். வர்சமே முதலில் பிடித்துக்கொண்ட தமிழ்ச் சொல் "மச்சான்". எல்லாரையும் மச்சான் என்றார். வெள்ளைக்கார சுப்பவைசரையும் மச்சான் என்றார். அந்த மனிதர் அதை ஏதோ சோமாலி மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையசைப்பார்.

அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு நொண்டி. அதனால் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவரும் அவருடைய ஆட்களும் சொன்னதை இங்கே எங்கள் பேச்சில் தருகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து உதடு அசைப்பார். தொழுகிறார் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது சிரித்தார்.

"தொழுகை முடிஞ்சுது. இது வேலை."

"என்ன வேலை?"

"கவிதை. மிஷின் அடிக்கிற தாளம் நல்லாயிருக்கு. ஒட்டகம் நடக்கிற தாளம் மாதிரி இல்லை. ஆனா பிழையில்லை."

அவர் கடதாசியில் எழுதுவதில்லை. எழுதத் தெரியும்; இளமையில் சொந்த நாட்டு வானொலி நிலையத்தில் வேலை செய்தவர். வானொலி அவருடைய காதல் கவிதை ஒன்றை ஒலிபரப்பியது. அடுத்ததாக அரிசி விலையைப் பற்றி ஒரு கவிதை செய்தார். வேலை போய்விட்டது. அதற்கும் முந்திய பள்ளிக்கூடம் அவருடைய தாய். தோல் பையில் பாலைக் குலுக்கி வெண்ணெய் எடுக்கும்போது தாய் தானே கட்டிப் பாடுவாராம். ஆண்கள் அதைக் கவிதை என்று கணக்கெடுக்கவில்லை. "என்ர தாளமெல்லாம் அந்தப் பையுக்குள்ள இருந்து வந்தது. நான் பேர் எடுத்தன், அவ பால் குலுக்கினா" என்றார் ஒருமுறை.

அவருடைய முறை இது. முதலில் ஓர் ஒலியைத் தெரிந்தெடுப்பார். கவிதை எவ்வளவு நீளமானாலும் ஒவ்வொரு வரியிலும் அந்த ஒலியில் தொடங்கும் ஒரு சொல்லாவது இருக்கவேண்டும். எங்கள் மோனைதான். ஆனால் நாங்கள் ஓர் அடியோடு விட்டுவிடுவோம். அவர்கள் கவிதை முடியும்வரை அதைக் கைவிடுவதில்லை.

"கஷ்டமில்லையோ?" என்றேன்.

"அதுதான் காவல். வடிவா ஒரு பொய் சொல்ல வாய் உன்னும். அந்த ஒலியில சொல் கிடைக்காது. அப்ப உண்மையைத்தான் சொல்லவேணும்."

3

அவருடைய நெஞ்சில் கல்லாய் இருந்தவை இரண்டு விஷயங்கள்.

ஒன்று பத்திரம். நாங்கள் ஊரைவிட்டு ஓடும்போதும் பிறப்பத்தாட்சி, பள்ளிக்கூடச் சான்றிதழ், கலியாண எழுத்து எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓடியவர்கள். அவருடைய நாட்டில் பத்திரம் கொடுக்கும் அரசாங்கமே இல்லாமல் போய்விட்டது. இங்கே அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். நிரந்தர வதிவிடம் கேட்டால் அடையாளத்தை நிரூபி என்றார்கள். நேர்முகத்தில் அவர் தன் தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று முன்னோர் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கியிருக்கிறார். அவர்கள் நாட்டில் அதுதான் ஒருவனின் அடையாள அட்டை. நேர்முகம் எடுத்த அம்மா கேட்டு முடித்து, "இதற்கு ஏதாவது பத்திரம் இருக்கிறதா?" என்றாவாம். அவருடைய மகள் ஹோதன் வகுப்பில் கெட்டிக்காரி. தகப்பனின் பத்திரம் வராததால் பல்கலைக்கழகத்துக்குப் படிப்புக் கடன் எடுக்க முடியாமல் நின்றாள்.

மற்றது, கேட்பதற்கு ஆள் இல்லாதது. அவர்களுடைய வழக்கத்தில் கவிஞருக்கு ஒரு மனனக்காரர் இருப்பார். கவிஞர் செய்யச் செய்ய அவர் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொள்வார். பிறகு சபையில் சொல்லும்போது ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது. இது இன்னாருடையது என்று முதலில் சொல்லியே ஆகவேண்டும். வர்சமேயின் மனனக்காரர் அவர்கள் நாட்டுக் கோத்திரச் சண்டைக்குள் காணாமற் போய்விட்டார். ஏதோ முகாமில் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"கசெற்றில பதியலாமே?" என்றேன். சோமாலிக் கடைகளில் அவருடைய பழைய கவிதைகள் கசெற்றாகவே விற்றன.

"கசெற்றுக்குக் கை கால் இருக்கு. முடியாத கவிதை வீட்டைவிட்டு வெளிய போகக்கூடாது."

"அப்ப உங்கட ஆக்கள் ஒருதரிட்டைச் சொல்லுங்கோவன்."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது ஒரு வீட்டைப் பற்றினது. எங்கட ஆக்கள் எல்லாரும் ஒரு பக்கம்தான். ஒண்டில் இந்தப் பக்கம், இல்லாட்டி அந்தப் பக்கம். உமக்கு என்ன பக்கம் இருக்கு? நீர் கேளும்."

அப்படித்தான் நான் அவருடைய மனனக்காரன் ஆனேன்.

4

வேலை மூன்று மணிக்கு முடியும். அவருடைய தமையன் ஜாமா நகரத்தின் மேற்கு முனையில் இருந்தார். ஹோதனும் வர்சமேயும் அவருடைய அப்பார்ட்மெண்டில்தான் இருந்தார்கள். நான் வர்சமேயைக் கென்னடி சப்வே ரயில் நிலையம் வரைக்கும் காரில் கொண்டுபோய் விடுவேன். அந்தப் பயணத்தில் பாடம் நடந்தது. அவர் ஒரு வரி சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். பிழைத்தால் வலதுகைச் சுட்டுவிரல் உயரும். அந்தக் கவிதையின் ஒலி 'த'. எங்கள் 'தம்பி'யில் உள்ளது போல் அல்ல, கொஞ்சம் கனத்தது.

பொருள் தெரியாமல் பாடமாக்குவது எனக்குப் புதிதல்ல. சிறுவயதில் கோயிலில் எத்தனை பதிகங்களை அப்படிப் பாடியிருக்கிறோம். அந்தப் பழக்கமே என்னைப் பிழையான வழியிலும் கொண்டுபோனது. சொற்கள் நெஞ்சில் நிற்கவேண்டும் என்பதற்காக, எனக்குத் தெரியாமலே அவற்றைப் பழைய பண் ஒன்றில் போட்டுவிட்டேன். ஒருநாள் நீளமாகச் சொல்லி முடித்தபோது வர்சமே என்னை உற்றுப் பார்த்தார்.

"சொல் எல்லாம் சரி. ஆனா நீர் ஆரிட்டையோ இரந்து கேக்கிறீர். கடவுளிட்டையோ?"

"ஏன், பிழையோ?"

"மச்சான், இது கேக்கிற பாட்டில்லை. நிண்டு சொல்லுற பாட்டு."

திருத்தப் பார்த்தேன். பண்ணை எடுத்தால் சொல்லும் சேர்ந்து போனது. கடைசியில் அவரே, "சரி, அழுதுகொண்டே காவித் திரியும். நான் பிறகு கண்ணீரைத் துடைச்சு எடுக்கிறன்" என்று விட்டுவிட்டார்.

தொழிற்சாலையில் குலம் என்று ஒருவன், வாய்க்காரன்.

"என்னண்ணை, காருக்குள்ள ரெண்டு பேரும் மந்திரம் ஓதுறியளாம்?"

"கவிதையடாப்பா. பாடமாக்கிறன்."

"விளங்குதோ?"

"இல்லை."

"விளங்காமல் பாடமாக்கிறதெண்டால் திரும்பவும் ஊருக்குப் போய் ஓ.எல். சோதினை எடுக்கலாமே!"

வீட்டிலும் இதே கதைதான். பனி வழிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மகன் ரமணன் காதிலிருந்த வோக்மனைக் கழற்றிவிட்டு, "அப்பா, யூ டோன்ட் ஈவின் நோ வட் இட் மீன்ஸ்" என்றான்.

"நீ கோயில்ல பாடின பதிகம் உனக்கு விளங்கிச்சுதோ?"

"நோ. அதான் நான் இப்ப பாடுறேல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நான் மிச்சப் பனியை வழித்தேன்.

5

மாசி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை வர்சமே மிஷினுக்குப் பக்கத்தில் விழுந்தார். அம்புலன்சில் நான்தான் கூடப்போனேன். வைத்தியசாலையில் படிவத்தோடு வந்த தாதி, "நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்று கேட்டா. பதற்றத்தில் எங்கள் பழக்கம் வாயில் வந்துவிட்டது. மூன்று வருடம் பழகியவரை நாங்கள் வேறு என்ன சொல்லுவோம்? "பிரதர்" என்றேன். அவ எங்கள் இருவரையும் பார்த்தா. அவர் தென்னை உயரம், நான் அவருடைய தோளுக்கு. இருவரும் கறுப்பு என்பது அவவுக்குப் போதுமாக இருந்திருக்கவேண்டும். எழுதிக்கொண்டு போய்விட்டா.

உண்மையான சகோதரர் ஜாமா மாலையில் வந்தார். நரைத்த தாடி, நல்ல கோட், அமைதியான மனிதர். வைத்தியர்களோடு பேசுவது, சாப்பாடு கொண்டுவருவது, ஹோதனை அழவிடாமல் வைத்திருப்பது எல்லாம் அவர்தான். என் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னார்.

மூன்றாம் கிழமை வைத்தியர்கள் கையை விரித்தார்கள். எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை ஜாமா இரண்டு உறவினர்களோடு கட்டிலைச் சுற்றி நின்றார். ஹோதன் தலைமாட்டில். ஜாமா என்னிடம் திரும்பினார்.

"என்ர தம்பி உம்மட்டை ஒரு கவிதை வைச்சிருக்கிறானாம். ஹோதன் சொன்னாள்."

"ஓம். ஆனா அது முடியேல்லை. முடியாதது வெளிய போகக்கூடாதெண்டு சொன்னவர்."

"அவன் போனால் அது எப்ப முடியும்? எங்கட குடும்பத்தின்ர சொத்து அது. சொல்லும்."

நான் வர்சமேயைக் கேட்டேன். அவருடைய கண் என்னில் இருந்தது. இடது கை போர்வையிலிருந்து மெல்ல உயர்ந்து, விரல்கள் விரிந்து, அப்படியே நின்றது. சொல்லு என்றதா, நிறுத்து என்றதா? ஹோதனைப் பார்த்தேன். "சொல்லுங்கோ அங்கிள்" என்றாள்.

வர்சமே சொல்லித்தந்த அந்த ஒரு சோமாலி வாக்கியத்தோடு தொடங்கினேன்: இது வர்சமே செய்தது, நான் வாய் மட்டும். பிறகு சொன்னேன். பண்ணோடுதான் வந்தது. முதலில் ஜாமா கண்ணை மூடி, ஒவ்வொரு 'த'வுக்கும் பெருமையோடு தலையசைத்தார். உறவினர் ஒருவர் கண்ணைத் துடைத்தார். பாதிக்கு மேல் ஓர் இடத்தில் ஜாமாவின் தலை நின்றது. கண் திறந்தது. அதற்குப் பிறகு அறையில் என் குரல் மட்டும்தான் அசைந்தது.

சொல்லப்படும் கவிதையை இடையில் மறிக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஜாமா அதைக் காப்பாற்றினார். நான் முடித்த பிறகுதான் கேட்டார்.

"நீர் என்ன சொன்னனீர் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப உம்மில பிழையில்லை."

கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். போர்வைக்கு மேலால் தம்பியின் காலை ஒருமுறை தொட்டார். போனார். உறவினர்களும் போனார்கள். அதற்குப் பிறகு ஹோதனைத் தவிர அந்தக் குடும்பத்தில் ஒருவரும் வரவில்லை.

வர்சமே சாகவில்லை. வைத்தியசாலை அவரைப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பியது. ஜாமாவின் தொலைபேசி பதில் சொல்லாததால், படிவத்தில் 'சகோதரர்' என்றிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

6

ஹோதன் பெரியப்பா ஜாமாவின் வீட்டைவிட்டு வெளியேறி இப்போது ஒரு பள்ளித் தோழி வீட்டில் இருக்கிறாள். அஜின்கோர்ட்டில் ஒரு கோப்பிக்கடையில் வேலை. போன சித்திரை மாதம் அங்கே போய் அவள் வேலை முடியும்வரை காத்திருந்தேன். வேறு சோமாலியர் யாரைக் கேட்டாலும் முகம் மாறியது. ஒருவரும் எனக்குப் பொருள் சொல்லவில்லை. அவளுக்கும் அந்தக் கவிதை மொழி அரைகுறை. பன்னிரண்டு வயதில் வந்தவள்.

"எனக்குச் சில சொல்லுத்தான் விளங்கினது, அங்கிள். 'தத்' எண்டால் சனம். 'தகால்' எண்டால் சண்டை. 'தம்பி' எண்டும் ஒரு சொல் வந்துதெல்லோ?"

"ஓம். எங்கட பாஷையில அது கூடப்பிறந்த இளைய சகோதரம்."

"எங்கட பாஷையில குற்றம்."

அவள் கோப்பையின் மூடியை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"'தார்' எண்டால் கல்வீடு. அது பதூமா வீடு. பதூமா என்ர பிரெண்ட், பக்கத்து வீடு. அவை வேற கோத்திர ஆக்கள். சண்டை தொடங்கினாப்பிறகு அவையைக் காணேல்லை. கொஞ்ச நாளால பெரியப்பா குடும்பம் அந்த வீட்டில இருந்தவை. நீலக் கதவு. நான் போய்த் தட்டி, பதூமா எங்கை எண்டு கேட்டனான். பெரியப்பா எனக்கு ரொபி தந்தவர்."

"அப்பா என்ன செய்தவர்?"

"அப்பாவும் அந்த வீட்டில போய்ச் சாப்பிட்டவர்." பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ஐ திங்க் அதுவும் பாட்டில இருக்கு."

காருக்குள் வந்தும் அந்த நீலக் கதவு என்னை விடவில்லை. 1990 ஐப்பசி முடிவில் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். முஸ்லிம் சனம் எங்கள் ஆட்களால் வெளியேற்றப்பட்டதைப் பார்த்தவன். வெறுங்கையோடு போனார்கள். சில மாதங்களுக்குள் அந்த வீடுகளின் ஓடுகளும் நிலைகளும் கதவுகளும் வேறு வீடுகளில் தெரிந்தன. எல்லாருக்கும் தெரிந்தது. ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் எத்தனையோ நினைவுநாள்களை மண்டபம் எடுத்து அனுட்டிக்கிறார்கள். அந்த நாளுக்கு மண்டபம் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் கவிஞர்களில் ஒன்றிரண்டு பேர் வாய் திறந்தார்கள். அவர்களைப் பற்றி இங்கே கதைக்கும்போதும் குரலைத் தாழ்த்துகிறோம்.

இதை எழுதப்போகிறேன் என்று குலத்திடம் சொன்னேன். அவன் முதல் தடவையாகப் பகிடி விடவில்லை.

"சோமாலிக்காரன்ர கதையை எழுதுங்கோ அண்ணை. அது நல்ல கதை. உந்தக் கதவுக் கதையை ஏன் அதுக்குள்ள கொண்டுவாறியள்?"

"ரெண்டும் ஒண்டுதானே குலம்."

"ஒண்டெண்டபடியால்தான் சொல்லுறன்" என்றான்.

எனக்குப் பக்கம் இல்லை என்று வர்சமே நினைத்திருந்தார்.

7

ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறேன். கவிதையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். பிழைத்தால் இப்போது இடதுகைச் சுட்டுவிரல் உயர்கிறது. அவருக்குள் முழுதும் இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வருகிறேன். பொருள் ஓரளவு தெரிந்த பிறகு இரந்து பாட வாய் வரவில்லை. ஆனால் அன்றைக்கு வைத்தியசாலையில் உயர்ந்தது ஒரு விரல் அல்ல, முழுக்கை. அதை நான் எப்படி வாசித்திருக்கவேண்டும் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டேன். அவர் யன்னலைப் பார்த்தார்.

இந்த ஜனவரி முதலாம் திகதி ஹோதனும் வந்திருந்தாள். கேக் வெட்டி, தாதியர் போன பிறகு, பச்சைத் தொப்பியோடு இருந்த அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு நான் சொல்லத் தொடங்கினேன். நின்று சொல்லுகிற மாதிரியே சொன்னேன் என்று நினைக்கிறேன். ஒருமுறையும் விரல் உயரவில்லை. எனக்குத் தந்த கடைசி வரியில் வந்து நின்றேன். விழாமல் இருந்திருந்தால், அந்தச் செவ்வாய்க்கிழமை கென்னடி சப்வேக்குப் போகும் வழியில் அதற்கு அடுத்த வரியைத் தந்திருப்பார்.

வர்சமேயின் வாயின் இடது பக்கம் அசைந்தது. கழுத்து நரம்பு எழும்பியது. மாசிக்குப் பிறகு நாங்கள் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது.

"த."

ஹோதன் என் கையைப் பிடித்தாள். அவர் மறுபடியும் முயன்றார். "த." நெற்றி வியர்த்தது. அடுத்த எழுத்து வரவில்லை. அவர்களுடைய மொழியில் சனம், சண்டை, குற்றம், கல்வீடு எல்லாம் அந்த ஒலியில்தான் தொடங்குகின்றன. நாடு என்ற சொல்லும் அப்படித்தான் என்று ஹோதன் பிறகு சொன்னாள். எதைச் சொல்ல வந்தார் என்று தெரியாமல் நாங்கள் இருவரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதவைத் தட்டிவிட்டு இளைய தாதி உள்ளே வந்தாள். மன்னிக்கவேண்டும், தொப்பி ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லி, அதை அவருடைய தலையிலிருந்து பக்குவமாக எடுத்துக்கொண்டு ஆப்கான் அம்மாவின் அறைக்குப் போனாள். அங்கே பாட்டுத் தொடங்கியது.